வயிறு திறந்த தேவி

பெரியவளுக்குப் பல் செய்வதுதான் தொழில். பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர்களின் பாடு. அவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, போன பல்லுக்குப் பதிலாக இன்னொன்றை மெழுகில் செதுக்கி, அதைச் சாந்துக்குள் புதைத்து, சூளையில் வைத்து மெழுகை உருக்கி ஓடவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி எடுப்பது இவள் பாடு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே லேபில், ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் கோபப்பட்டதில்லை. "பல்லக்குன்னு இழுத்துக் கூப்பிட்டா மட்டும் தூக்க நாலு ஆளோட வாங்க" என்பாள்.

கணவருக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை. வருடத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பார். வரும்போது வீடே நிறைந்துவிடும். ஸ்விட்சு எதுவும் கெட்டுப்போயிருக்காவிட்டாலும் கழற்றி மாட்டுவார். நல்ல மனிதர், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. ஒருமுறை இவளுக்கு நாள் தள்ளிப்போய், ஆசையில் போனில் சொல்லிவிட்டாள். மனிதர் அந்த நிமிடமே கப்பல் முழுக்கச் சாக்லேட் கொடுத்துவிட்டார். சமையல்காரர் கேக் செய்து அதன்மேல் தொட்டில் வரைந்தாராம். அப்புறம் ஒன்றுமில்லை என்று ஆனது. அந்தப் பயணம் முடியும்வரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் கூட இருந்தவர்கள் தொட்டில் ஆட்டுவதுபோல் கையை ஆட்டிச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தார்.

அதனால் அடுத்த தடவை உண்மையாகவே தங்கியபோது பெரியவள் மூச்சு விடவில்லை. அவர் இறங்கி வரும்போது வயிறு தெரியட்டும், பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். தங்கை ஒருத்திக்கு மட்டும் தெரியும். சின்னவள் அப்போதுதான் கல்யாணமாகி, ஒரு பஸ் தூரத்தில் குடியிருந்தாள். புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்பது அதற்குள்ளேயே தெரியத் தொடங்கியிருந்தது.

நாலாம் மாதம் எல்லாம் கலைந்தது. ஒரு பகலில், பாத்ரூம் தரையில். சின்னவள் ஓடிவந்தாள். துணி ஊறவைக்கும் நீல பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது வண்டிக்காகப் படியில் உட்கார்ந்திருந்த பெரியவள், மேலே நின்ற மரத்திலிருந்து விழுந்து கிடந்த காய்ந்த காய் ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாகப் பிளந்து, விதையெல்லாம் பறந்துபோய், உள்ளே நரம்பு நரம்பாக வரியோடியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அதைக் கீழே போடவில்லை.

"மாமாகிட்ட சொல்லணும்க்கா" என்றாள் சின்னவள்.

"வரட்டும். போன்ல சொல்ற விஷயமா இது?"

அவர் வந்தார். இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு, நாளைக்கு வேண்டாம் அவர் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று தள்ளித் தள்ளி விடுமுறையே தீர்ந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது அது பழைய சேதியாகிவிட்டிருந்தது. பழைய சேதியை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அப்படியே உள்ளே போட்டு மூடிவிட்டாள்.

நகை செய்யும் யோசனை இதற்கெல்லாம் முன்பே வந்தது. பல் டாக்டர் ஒருவருடைய காத்திருப்பு அறையில், யாரும் தொடாத தடித்த படப் புத்தகம் ஒன்று கிடந்தது. மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த ஆதிகாலத்துப் பெண் தெய்வங்கள். முகம் கிடையாது, விரல் கிடையாது. இடுப்பு, வயிறு, மார்பு மட்டும்தான். ஒருத்தி இரண்டு கையிலும் பாம்பைப் பிடித்திருந்தாள். ஒருத்திக்குப் பறவைத் தலை. ஒருத்தி தன் மார்பைத் தானே தாங்கிக்கொண்டு, வந்தவர்களை வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றாள். பெரியவளுக்கு அவர்களைப் பார்த்ததும் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர்கள் யாருக்கும் பல் இல்லை.

மதிய இடைவேளையில் மீந்த மெழுகை எடுத்து ஒருத்தியைச் செய்து பார்த்தாள். கட்டைவிரல் உயரம். இலையின் அடிப்பக்கத்தை இளகிய மெழுகில் அழுத்தினால் நரம்பு அப்படியே விழுந்தது. அதைத் தேவிக்கு முதுகாக்கினாள். வண்டின் முதுகு ஓட்டை மார்க்கவசமாக்கினாள். நத்தைக் கூட்டின் சுருளை இடுப்பில் வைத்தாள். அறுந்துபோன பழைய வெள்ளிச் சங்கிலியை உருக்கி ஊற்றினாள். வெளியே வந்ததை அரத்தால் ராவி, கறுப்பேற்றி, மேடான இடத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கினால், பள்ளத்தில் கறுப்பு தங்கி, ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்ததுபோல் ஆகிவிடும். லேப் முதலாளி பார்த்துவிட்டு, "சொத்தைப் பல்லு மாதிரியே இருக்கே" என்றார். அவளுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பல வாரம் கழித்து, அந்தக் காயை மெழுகில் பதித்தாள். முகமில்லாத ஒருத்தி, இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கி நிற்கிறாள். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பிளந்த காய். பின்னால் இருப்பது தெரியும்படி திறந்தே இருக்கும். ஓரம் முழுக்க உள்வரி. அதற்கு அவள் பேர் எதுவும் வைக்கவில்லை. ஒரு நூலில் கோத்து உடைக்குள்ளே போட்டுக்கொண்டாள்.

சின்னவளின் கல்யாணம் முறிந்தது. இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஒரு கம்பெனியில் நாள் முழுக்கப் போனில் பேசும் வேலை அவளுக்கு. முன்பின் தெரியாதவர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டு, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க" என்று சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்களுக்கு நெஞ்சு இளகும்படியான ஒரு குரல் அவளுக்கு வந்திருந்தது. அக்காவின் டப்பாவிலிருந்த தேவிகளைப் பார்த்துவிட்டுப் பறவைத் தலைக்காரியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மாலையில் வரும்போது ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பிரிண்டிங் கடைக்கு மேலே அறை எடுத்தார்கள். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே மேஜைமீது அரங்கள் நடுங்கும். பெரியவள் லேப் வேலையை விட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தாள். செய்வது இவள், பேசுவது அவள். படம் எடுப்பது, எழுதிப் போடுவது, வருகிறவர்களை உட்காரவைத்து அவர்கள் வாயைக் கிண்டி எந்தத் தேவி அவர்களுக்குப் பொருந்துவாள் என்று சொல்வது எல்லாம் சின்னவள். பாம்புக்காரி தைரியத்துக்கு. பறவைக்காரி விட்டு விலகிப் போவதற்கு. ஒரு அம்மாள், "இதப் போட்டா என் வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாத்தல் கிடைக்குமா?" என்று கேட்டாள். "கண்டிப்பாங்க. ஆனா நீங்க கூடப் போகணுமா வேணாமா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க" என்றாள் சின்னவள். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு வாங்கிப் போனாள். பெரியவள் அறையின் நடுவிலிருந்த பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டு தானும் சிரிப்பாள். தங்கை முகத்தில் திரும்பவும் வெளிச்சம் வந்ததில் அவளுக்குத் திருப்தி. கையில் காசு சேர்ந்ததும் சின்னவள் பக்கத்துத் தெருவில் தனி வீடு பார்த்துப் போனாள்.

வயிறு திறந்தவளை விற்கலாம் என்று சொன்னது சின்னவள்தான். பெரியவள் முதலில் மாட்டேன் என்றாள்.

"யாருக்கும் எதுவும் சொல்லப்போறதில்லக்கா. விதை பறந்துபோன கூடு, அவ்வளவுதான். அழகா இருக்கு. உள்ள போட்டுப் பூட்டி வெச்சு என்ன பண்ணப்போற?"

அதுவும் சரிதானே என்று பட்டது. சின்னவள் அதற்குக் 'காத்திருப்பவள்' என்று பேர் வைத்தாள். மற்ற எல்லாத் தேவிகளையும்விட அவளே அதிகம் போனாள். வாங்குகிறவர்களில் பலர் ஏன் வாங்குகிறோம் என்று சொல்வதில்லை. அறைக்கு வந்து, கையில் எடுத்து, அந்தத் திறப்புக்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார்கள். பெரியவள் தடுப்பின் இடுக்கு வழியாக அந்த விரல்களைப் பார்த்திருக்கிறாள். தன்னைப்போல் எத்தனை பேர் என்று நினைப்பாள். அது ஒருவகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

கணவர் விடுமுறையில் இருந்த சமயம், ஒரு பெண்கள் அமைப்பு நடத்திய கூட்டத்தில் சின்னவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெரியவள் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில்லை. நகத்திலிருக்கும் கறுப்பு போகாது, அதைக் கண்டு யாராவது ஏதாவது கேட்பார்கள். கணவர்தான் கிளப்பினார்.

"உன் கைவேலைக்குக் கைதட்டுறாங்க, நீ வீட்ல உக்காந்து துணி மடிச்சிட்டிருக்க. கிளம்பு."

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப்பேர் கழுத்தில் அவள் செய்ததுதான். கணவர் முழங்கையால் இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேடையில் சின்னவள் மண்ணுக்குள்ளிருந்து வந்த தெய்வங்களைப் பற்றிப் பேசினாள். இலை, வண்டு, நத்தை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சற்று நிறுத்தினாள். கழுத்தில் கிடந்த காத்திருப்பவளைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இவ எப்படி வந்தான்னு நிறைய பேரு கேப்பீங்க. நான் ஒரு குழந்தைய இழந்தேன்" என்றாள்.

பெரியவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. தங்கைக்கு எப்போது, தனக்குத் தெரியாமல் எப்போது என்று ஒரு கணம் மனசு பதறியது.

"நாலாம் மாசம். பகல் வேளை. பாத்ரூம் தரை ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு. பக்கத்துல ஒரு நீலக் கலர் பேசின். அந்த நீலத்த என்னால இன்னைக்கு வரைக்கும் பாக்க முடியல. ஆஸ்பத்திரிப் படியில உக்காந்திருக்கேன், காலடியில ஒரு காய். திறந்து கெடக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. நானும் அதுவும் ஒண்ணுதான்னு தோணிச்சு..."

அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம். முன்வரிசையில் ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பெரியவளுக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பக்கத்தில் திரும்பினாள். கணவர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர்தான் பேசினார்.

"பாவம், சின்னவ. சிரிச்சுட்டே இருக்கும், உள்ளுக்குள்ள இவ்ளோ வெச்சிருக்கு பாரு. அந்தக் கல்யாணம் நிலைக்காம போனதும் அதனாலதான் இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "உனக்குத் தெரியுமா இது?" என்றார்.

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அறைக்குப் போனபோது சின்னவள் முந்தியே வந்து சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகளில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை இடத்துல சொல்லியிருக்க?" என்றாள் பெரியவள்.

சின்னவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "நீ மாமாவோட வருவேன்னு தெரியாதுக்கா."

"அதக் கேக்கல. எத்தனை இடத்துல?"

"கணக்கெல்லாம் வைக்கல. முதல் தடவை ஒரு பொண்ணு இங்க வந்து உக்காந்து அழுதா. அவளுக்கு ஆன அதே மாதிரி. ஆறுதலா என்ன சொல்றதுன்னு தெரியல. எனக்கும் ஆச்சுங்கன்னு வாயில வந்துடுச்சு. வந்தவுடனே அவ அழுகைய நிறுத்திட்டா. என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

"எங்க அக்காவுக்கு ஆச்சுன்னு சொல்லியிருக்கலாமே."

"நீதானே யாருக்கும் சொல்லாதன்ன?"

பெரியவள் பேசாமல் நின்றாள். அவள் நின்ற விதத்தில் சின்னவளுக்கு ஏதோ பொத்துக்கொண்டது. பஞ்சை மேஜைமேல் வீசினாள்.

"நீ பேசவும் மாட்ட, அழவும் மாட்ட. மெழுகத் தோண்டிட்டு உக்காந்திருப்ப. அன்னைக்கு அந்த பேசினப் பிடிச்சிட்டு உக்காந்தது யாரு? நீ கண்ண மூடிட்ட. உள்ள இருந்ததப் பாத்தது நான். எடுத்துட்டுப் போனது நான். தரையக் கழுவி விட்டது நான். உனக்குத்தான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்ற? எனக்கும்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் என் புருஷன் என்னத் தொட வந்தாலே எனக்கு அந்தத் தரைதான் ஞாபகம் வரும். அது உனக்குத் தெரியுமா?"

பெரியவளுக்குத் தெரியாது. கேட்டதும் தங்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கால் ஒரு அடி முன்னாலும் போனது.

"அப்ப அதச் சொல்லு" என்றாள். "பேசினப் பிடிச்சிட்டிருந்தேன்னு சொல்லு. அது உன்னோடது. அதச் சொன்னாலும் அழுவாங்க."

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பேசினப் பிடிச்சவளுக்கு யாருக்கா அழுவாங்க?"

பெரியவள் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பாதி செதுக்கிய மெழுகு மேஜைமேல் இருந்தது. கத்தியை எடுத்தாள், வைத்தாள். அந்தத் திறப்பை எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்பதே கைக்குத் தெரியவில்லை.

கணவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். இத்தனை வருடம் சொல்ல வராதது இப்போது வந்துவிடும் என்று நினைத்தாள். சின்னவளே வார்த்தையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாளே. ஞாயிற்றுக்கிழமை, அவர் பால்கனியில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குச் சின்னவ சொன்னாளே, அது அவளுக்கு நடந்ததில்ல. எனக்கு நடந்தது."

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அவள் சொன்னாள். நாலாம் மாதம் என்றாள், பகல் என்றாள், பாத்ரூம் தரை, நீல பேசின், ஆஸ்பத்திரிப் படி, காய். சொல்லச் சொல்ல அவளுக்கே அது காதில் ஒருமாதிரி விழுந்தது. எல்லாம் மேடையில் கேட்ட சொற்கள். அவர் ஏற்கெனவே ஒருமுறை அழுது முடித்துவிட்ட கதை.

அவர் விரலிலிருந்த அழுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவள் கையைப் பிடித்தார். பிடித்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க பாரு. நமக்கு ஒண்ணு இல்லையேங்கற வருத்தம் எனக்கும்தான் இருக்கு. கப்பல்ல தனியா இருக்கறப்போ நானும் என்னென்னவோ நெனச்சுப்பேன். அதுக்காக அந்தப் புள்ளையோட துக்கத்தப் போய்..."

"என்ன சொல்றீங்க?"

"நீ பொய் சொல்றேன்னு சொல்லலம்மா. மனசு அப்படித்தான். கேட்டுட்டே இருந்தா நமக்கும் நடந்த மாதிரி ஆயிடும்."

"அப்ப நான் மாசமா இருந்தேன், உங்ககிட்ட சொல்லல. சாக்லேட் கொடுத்தீங்களே, அதனால சொல்லல."

"மாசமா இருந்து, கலைஞ்சு, நான் வந்து பக்கத்துல படுத்து, எழுந்து, திரும்பப் போயி... இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா சொல்லாம இருந்திருப்ப? என்னை அப்படியா நெனச்ச?"

காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரி எப்போதோ மூடப்பட்டு, அந்த இடத்தில் மெத்தைக் கடை வந்திருந்தது. லேபில் அப்போது காய்ச்சல் என்றுதான் சொல்லி லீவு எடுத்திருந்தாள். பூமியில் இதற்குச் சாட்சி ஒரே ஒருத்தி.

அந்த ஒருத்தியை அவரே போன் செய்து வரச்சொன்னார். மனசு விட்டுப் பேசினால் சரியாகிவிடும் என்பது அவர் எண்ணம். சின்னவள் மாலையில் வந்தாள். மூவரும் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சங்கடத்தில் சர்க்கரை போட மறந்திருந்தார், யாரும் கேட்கவில்லை.

"சின்னவளே, தப்பா எடுத்துக்காத. உங்கக்கா ஒண்ணு சொல்றா" என்று ஆரம்பித்துச் சொன்னார்.

சின்னவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். கேட்கிற விஷயம் பெரிதொன்றுமில்லை, ஒரே ஒரு ஆமாம். கூட்டத்தில் போய்ச் சொல்ல வேண்டாம், வாங்கிப்போனவர்களுக்கு எழுத வேண்டாம். இந்த மேஜையில், இந்த ஒரு மனிதரிடம் சொன்னால் போதும். அதற்கப்புறம் எந்த மேடையில் வேண்டுமானாலும் போய் அழட்டும், தான் மெழுகு செதுக்கிக்கொண்டே இருக்கத் தயார் என்றுகூட நினைத்தாள்.

சின்னவள் தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது. கையை நீட்டி அக்காவின் கைமேல் வைத்தாள்.

"அக்கா, உனக்கு அப்படி இருந்துச்சுன்னா, அப்படியே இருக்கட்டும்க்கா" என்றாள். போனில் பேசும் அதே குரல். "நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன். எனக்கு உன் கஷ்டம் புரியுது."

கணவர் பெருமூச்சு விட்டார். சின்னவளின் தலையை வாஞ்சையாகத் தடவிக்கொடுத்தார். "உனக்குப் பெரிய மனசும்மா" என்றார்.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. இரண்டுபேரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, டீ டம்ளர்களை எடுத்துக் கழுவப் போனாள்.

அறைக்கு அவள் அப்புறம் போகவில்லை. தன் கத்திகளையும் அரங்களையும்கூட எடுத்துவரவில்லை. லேப் முதலாளி அவளைக் கண்டதும் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். "சாமி செஞ்சது போதுமா? கடைவாய்ப் பல்லு மலை மாதிரி குவிஞ்சு கெடக்கு" என்றார். கடைவாய்ப் பல்லுக்குக் கதை கிடையாது. மேலே நாலு மேடு, நடுவில் பள்ளம், எதிர்ப்பல்லோடு பொருந்தினால் முடிந்தது.

சின்னவளின் வியாபாரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கையிலிருந்த தேவிகளை ஒரு வார்ப்புப் பட்டறையில் கொடுத்து ரப்பர் அச்சு எடுத்துவிட்டாள். பட்டறையில் இருந்தவர்கள் டஜன் கணக்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருநாள் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்ணின் கழுத்தில் காத்திருப்பவளைப் பெரியவள் பார்த்தாள். அச்சிலிருந்து அச்சு எடுத்ததில் காயின் உள்வரியெல்லாம் மழுங்கி, ஓரம் மொண்ணையாகி, திறப்பு சும்மா ஒரு ஓட்டையாக இருந்தது. கைகள் வயிற்றைத் தாங்குவதற்குப் பதிலாக ஓட்டையை மறைப்பதுபோல் இருந்தன. அந்தப் பெண் அதைத் திருகிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அதில் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. பெரியவள் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தாள்.

சின்னவள் அவ்வப்போது போன் செய்வாள். "உன் மேஜை அப்படியே இருக்குக்கா. எப்ப வேணாலும் வா" என்பாள். பெரியவள் "சரி" என்பாள். உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்பதோடு பேச்சு முடியும். நான் உன்னை மன்னிக்கவில்லை என்று சொல்லலாம்தான். அதற்கும் ஒரு மேடையில் இடம் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பெரியவளுக்கு இருந்தது.

கணவர் அந்த முறை கப்பலேறிப் போய், பயணம் முடித்துத் திரும்பி வந்தார். வழக்கம்போல ஸ்விட்சுகளைக் கழற்றவில்லை. வீட்டுக்குள் ஓசையில்லாமல் நடந்தார். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து நின்று, எதையோ கேட்க வந்தவர்போல் திரும்பிப் போவார். ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் அவள் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே ஏறி வந்தார்.

"கப்பல்ல ஒண்ணு நெனச்சுப் பாத்தேன்" என்றார். "ஒரு வருஷம் நான் வந்து எறங்கின அன்னைக்கு, எப்பவும்போல உன் மடியில தலை வெச்சுப் படுக்க வந்தேன். நீ சட்டுனு தலைகாணிய எடுத்து நடுவுல வெச்ச. அந்த லீவு முழுக்க அப்படித்தான். தலைகாணி வைக்காம நீ என்னைப் படுக்கவே விடல." கொடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஏன்னு நான் கேக்கவே இல்ல."

அவள் கிளிப்புகளைக் கழற்றிப் பையில் போட்டாள்.

"சொல்லும்மா. அப்பவா?"

அவர் குரல் உடைந்தது. எத்தனை வருடம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அது இப்போது எதிரே நிற்கும்போது உள்ளே தேடிப் பார்த்தாள். கொடுப்பதற்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. தரையின் சில்லிப்பும், பேசினின் நீலமும், படியும் காயும் எல்லாம் போய்விட்டிருந்தன. நினைத்துப் பார்த்தால் மைக் வழியாகத்தான் கேட்டது.

"எதைக் கேக்குறீங்க?" என்றாள்.

"உனக்கு நடந்தது."

"அது சின்னவளுக்கு நடந்தது. நீங்கதானே சொன்னீங்க."

கொடியில் மிச்சமிருந்தது பெரிய படுக்கை விரிப்பு மட்டும்தான். அவள் அதை உருவினாள். அவர் மறுமுனையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவள் விரிப்பைத் தன் பக்கம் சுருட்டி இழுத்து, தாடையில் ஒரு ஓரத்தை இடுக்கிக்கொண்டு, தாறுமாறாகவே என்றாலும், தனியாகவே மடித்து முடித்தாள்.